உயர்நிலைப் பள்ளி யாருக்கு?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் நாம் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் பள்ளிக்கூடம். அதிலும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டி வரும் உயர்நிலைப் பள்ளி. "இதில் நமக்கென்ன இருக்கிறது? படித்தவர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே!" என்று எந்தத் தோழரும் எண்ணிவிட வேண்டாம். நம் பிள்ளையின் நாளைய கூலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பள்ளிக்கூடம்தான். எட்டாம் வகுப்போடு நின்ற பையன் என்ன வேலைக்குப் போகிறான், பன்னிரண்டு முடித்தவன் என்ன வேலைக்குப் போகிறான் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் இருப்பது திருச்சி. எதிரே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம். அந்தக் கோயிலுக்கு ஏழு மதில், இருபத்தொரு கோபுரம். தெற்கே நிற்கும் 236 அடி ராஜகோபுரம் கட்டி முடிந்தது 1987ஆம் ஆண்டில்தான். வெளி மதிலுக்குள்ளே நுழைந்தால் கடை, வீடு, வீதி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. மதிலைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்கும் உழைப்பாளியின் பிள்ளைக்கும் நடுவிலேயும் இப்படித்தான் ஏழு மதில்கள் நின்றன. அவற்றில் ஆறு, முழுதாகவோ பாதியாகவோ இடிந்திருக்கின்றன. ஏழாவது இன்னும் நிற்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இத்தனை பேரைக் கூட்டியிருக்கிறோம். முதலில் இடிந்த மதில்களின் கதையைச் சொல்கிறேன். எப்படி இடிந்தது என்று தெரிந்தால்தானே மிச்சமிருப்பதை எப்படி இடிப்பது என்பதும் தெரியும்!

ஆற்றின் இரு கரையிலும்

திருச்சியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களின் கதை 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகிறது. 1762இல் இங்கே வந்த ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார், கோட்டையிலிருந்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். நாகப்பட்டினத்தில் 1844இல் ஆரம்பித்த செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. மிஷனரிகளைப் பார்த்து நம்மூர் வக்கீல்களும் மிராசுதார்களும் கூடித் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார்கள். ஸ்ரீரங்கத்தின் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியும் நூறாண்டைக் கடந்த பழைய பள்ளி. இன்று அது மேல்நிலைப் பள்ளி.

அன்றைய வெள்ளைக்கார சர்க்காருக்கு ஒரு கணக்கு இருந்தது. 1835இல் மெக்காலே சொன்ன கணக்கு அது. ஆள்கிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் நடுவே நிற்க ஒரு சிறு கூட்டம் படித்தால் போதும். அவர்களிடமிருந்து படிப்பு கீழே கசிந்து வரும் என்றார்கள். 1854இல் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் முறையும் வந்தது. கலெக்டர் கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் ரயில்வே ஆபீசுக்கும் குமாஸ்தாக்கள் வேண்டியிருந்தது. திருச்சியோ தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம். எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் என்ற ஒரு காகிதம் அன்று ஒரு குடும்பத்தையே கரையேற்றியது.

கசிந்து வரும் என்றார்களே, வந்ததா? வாழைத் தோட்டத்தில் மண் அணைத்தவன் வீட்டுக்கு வந்ததா? உறையூரில் சுருட்டுச் சுற்றியவன் வீட்டுக்கு வந்ததா? கசியவில்லை, தோழர்களே! மதிலில் ஓட்டை போட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

முதல் மதில்: சாதி

பள்ளிக்கூடத்துக்குள்ளே நுழையவே கூடாது என்று சேரி மக்களைத் தடுத்து வைத்திருந்த காலம் நெடுங்காலம். பொதுக் கிணறு, பொதுச் சாலை, பொதுப் பள்ளி என்று பெயர். பொதுஜனங்களில் பாதிப் பேருக்கு அங்கே இடமில்லை! 1920களில் சென்னை மாகாண சர்க்கார், பொதுப் பணம் பெறும் பள்ளிகள் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவுகள் போட்டது. தொழிலாளர் இலாகாவின் மூலம் தனிப் பள்ளிகளும் வைத்தார்கள். உத்தரவு காகிதத்தில் இருந்தது. ஊர்க் கட்டுப்பாடு வாசலில் நின்றது. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்து, சர்க்கார் உதவி பெறும் எந்தக் கல்விச் சாலையும் சாதியையோ மதத்தையோ காட்டிப் பிள்ளைகளைத் தள்ளக் கூடாது என்று சொன்னது.

அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. சென்னை ராஜ்யத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்டுக் கொடுத்த உத்தரவு செல்லாது என்று 1951இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. தமிழ்நாட்டு மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய மக்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. மதில் தானாக இடிவதில்லை என்பதற்கு இது முதல் சாட்சி.

இரண்டாவது மதில்: சம்பளம்

இன்றைய இளைஞர்களுக்குச் சம்பளம் என்றால் வேலைக்குக் கிடைக்கும் பணம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணத்துக்கும் சம்பளம் என்றுதான் பெயர். "சம்பளம் கட்டாதவன் எழுந்து வெளியே நில்" என்று வாத்தியார் சொன்னதைக் கேட்டு எழுந்து போன பையன்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை. முதல் பாரம், நான்காம் பாரம், ஆறாம் பாரம் என்று பாரம் ஏற ஏறச் சம்பளமும் ஏறும். பெயருக்கேற்ற பாரம்தான்!

காமராஜர் முதல்வராக இருந்த 1954க்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த மதில் ஆட்டம் கண்டது. ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. 1960களின் முன்பாதியில் ஏழைகளுக்கு முதலில், பிறகு எல்லோருக்கும் என்று பள்ளிச் சம்பளம் படிப்படியாக ரத்தாயிற்று. பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலம் அது. இன்றைய பிளஸ் டூ வகுப்புகள் 1978இல் வந்தன.

வாத்தியார்கள் கதையையும் மறந்துவிடக் கூடாது. தனியார் நிர்வாகத்திடம் அரைகுறைச் சம்பளம் வாங்கி, எப்போது வேலை போகுமோ என்று நடுங்கும் வாத்தியார் எப்படி நிமிர்ந்து நின்று பாடம் சொல்வார்? பக்கத்துக் கேரளத்தில் 1957இல் வந்த இ.எம்.எஸ். மந்திரிசபை இதைத்தான் கையிலெடுத்தது. கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சர்க்காரே நேரில் சம்பளம் கொடுக்கவும், நியமனத்தில் நிர்வாகிகளின் எதேச்சாதிகாரத்தை ஒடுக்கவும் வழி செய்தது. நிலச் சீர்திருத்தத்தையும் இந்த மசோதாவையும் கண்டு சொத்துடைமைக் கூட்டம் துள்ளிக் குதித்தது. 1959 ஜூலை 31இல் மந்திரிசபையையே டில்லி கலைத்தது. ஒரு பள்ளிக்கூட மசோதாவுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் யார் கையில் என்பது நிலம் யார் கையில் என்பதைப் போன்ற கேள்வி!

மூன்றாவது மதில்: பசி

சம்பளம் இல்லையென்றாலும் வெறும் வயிற்றில் கணக்கு ஏறுமா? 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நம் மாவட்டத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த இடம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சி. ஆரம்பத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த அந்தச் சாப்பாடு 1984இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரை நீண்டது. பிற்காலத்தில் முட்டையும் தட்டுக்கு வந்தது.

2022இல் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. அது தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். நல்ல காரியம், ஆனால் ஒரு கேள்வி கேட்போம். விடியற்காலை ஐந்து மணிக்கு நடவுக்குப் போகும் தாய், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமைக்க முடியாவிட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் சமைக்க முடியுமா? வளரும் வயதில்தானே பசி அதிகம்!

நான்காவது மதில்: மொழி

வெள்ளைக்காரன் காலத்து உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் கணக்கும் இங்கிலீஷில். அக்ரகாரத்துப் பையனுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்க அப்பாவோ மாமாவோ இருப்பார். கலப்பை பிடிப்பவன் மகனுக்கு யார் இருக்கிறார்கள்? புரியாத பாஷையில் புரியாத பாடம். பெயிலானால் "இவனுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்ற பட்டம் வேறு! 1930களின் கடைசியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பாட மொழியாகத் தொடங்கியது. அறிவியலும் தமிழில் சொல்ல முடியும் என்று ஆயிற்று.

அதே சமயத்தில் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார்கள். எதிர்த்துக் கிளம்பிய நடைப்பயணம் சென்னைக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான், திருச்சி உறையூரிலிருந்து. 1938 ஆகஸ்டு 1ஆம் தேதி. அதில் நடந்தவர்களில் ஒருவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1940இல் கட்டாய இந்தி உத்தரவு வாபசாயிற்று. அம்மையாரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடி வரும்.

இங்கிலீஷ் வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். நன்றாகவே வேண்டும்! ஆனால் இங்கிலீஷை ஒரு பாடமாகச் செம்மையாகச் சொல்லிக் கொடுப்பது ஒன்று. இங்கிலீஷ் போர்டு மாட்டிவிட்டு உழைப்பாளியின் பாதிக் கூலியைப் பிடுங்குவது வேறொன்று.

ஐந்தாவது மதில்: ஆறும் தூரமும்

ஆரம்பப் பள்ளி ஊருக்குள் இருக்கும். உயர்நிலைப் பள்ளி டவுனில் இருக்கும். கொள்ளிடத்துக்கு வடகரைப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறந்தது. அதற்கு முன்பிருந்தது 19ஆம் நூற்றாண்டுப் பாலம். பாலத்தின் அருமை பஸ்ஸில் போகிறவனைவிட நடந்து போன பையனுக்குத்தான் அதிகம் தெரியும்.

பிற்பாடு மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் வந்தது. 2000களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வந்தது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கும். ஒரு சைக்கிள் சின்னச் சாமான்தான். ஆனால் ஆறு மைல் தூரத்தை அரைமணி நேரமாக்கியது அந்தச் சாமான். பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கிய தகப்பனின் வாயை அடைத்ததும் அதுதான்.

ஆறாவது மதில்: பெண்

பெண் பிள்ளை பெரியவளானால் படிப்பு முடிந்தது என்று இருந்த காலம் நம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். திருச்சியில் பெண்களுக்கென்று ஹோலி கிராஸ் கல்லூரி 1923லேயே தொடங்கிவிட்டது. 1951இல் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி வந்தது. ஆனால் கல்லூரி வாசலுக்குப் போக வேண்டுமென்றால் உயர்நிலைப் பள்ளியைத் தாண்ட வேண்டுமே! கல்லூரி திறந்து கிடந்தது. அதற்குப் போகும் பாலம் உடைந்து கிடந்தது.

1989இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்று விதித்தார்கள். திட்டத்துக்கு வைத்த பெயர், சற்றுமுன் சொன்ன மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர். 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். கல்யாணத்துக்காகக் கொடுத்த பணம் படிப்புக்காக என்று மாறியிருக்கிறதே, அது பெரிய மாற்றம்!

மதிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

ஆறு மதில்களைத் தாண்டிப் பிள்ளை உள்ளே போய்விட்டது. அங்கே என்ன இருக்க வேண்டும்? பெஞ்சும் போர்டும் போதுமா?

முதலில் படிப்பு. ராமன் விளைவைக் கண்டுபிடித்து 1930இல் நோபல் பரிசு வாங்கிய சி.வி. ராமன் 1888இல் பிறந்தது இதோ இருக்கிற திருவானைக்காவலில். அவர் ஒரு வாத்தியாரின் மகன். எழுத்தாளர் சுஜாதா பாட்டி வீட்டில் வளர்ந்து ஸ்ரீரங்கம் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பிறகு செயின்ட் ஜோசப்பில் பௌதிகம் படித்து என்ஜினீயரானார். விஞ்ஞானத்தைத் தமிழில் லட்சக்கணக்கான பேருக்குச் சொன்னார். சினிமாப் பாட்டெழுதிய கவிஞர் வாலியும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். இளம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து "நேதாஜி" என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருக்கும் இயற்பெயர் ரங்கராஜன்!

இவர்களுக்குத் திறமை இருந்தது, மறுப்பார் இல்லை. ஆனால் அந்தத் திறமை முளைக்க வீட்டில் புத்தகம் இருந்தது, தெருவில் லைப்ரரி இருந்தது, ஊரில் பள்ளி இருந்தது. அதே வயதில் அதே தீவில் வாழைத்தார் சுமந்த பையனுக்கு அந்தத் திறமை இல்லை என்று யார் சொன்னது? சோதித்துப் பார்த்தார்களா? வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குத்தான் பள்ளியில் லைப்ரரி வேண்டும். வீட்டில் சொல்லித் தர ஆளில்லாத பிள்ளைக்குத்தான் பள்ளியில் நல்ல வாத்தியாரும் ஆய்வுக்கூடமும் வேண்டும். வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கியது. அதற்குப் பிறகு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம்.

இரண்டாவது விளையாட்டு. லால்குடி அருகே வழுத்தியூரில் ஒரு லாரி டிரைவரின் மகனாகப் பிறந்தவர் ஆரோக்கிய ராஜீவ். 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். 2018இல் தொடர் ஓட்டத்தில் தங்கப் பதக்க அணியில் ஓடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் நடந்த ஆண்கள் 4 x 400 தொடர் ஓட்டத்தில் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்த இந்திய அணியிலும் அவர் உண்டு. அதே ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய சுபாவும் திருச்சிப் பெண்தான். உடம்பு உழைப்பாளியின் சொத்து. ஓட்டமும் கபடியும் நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆனால் ஓடுகிற பிள்ளையைப் பார்த்து "இவன் ஓடுவான்" என்று கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு ஆசிரியர் வேண்டும். ஓட ஒரு மைதானம் வேண்டும். கபடிக்கு என்ன செலவு? 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் மண் தரை. பக்கத்துக்கு ஏழு பேர். அதைக்கூட விடாமல் மைதானத்தில் கட்டடம் எழுப்புகிறார்கள். பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கலை. எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறு பையனாக இருந்தபோது மேடையேறியது திருச்சியில்தான். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த எப்.ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சன சபாவின் "ஹரிச்சந்திரா" நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கட்டினார். சிவாஜி கணேசன் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர். ரயில்வே ஊழியரின் மகன். பள்ளியை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஏழைப் பையனுக்குக் கலை வேண்டுமானால் பள்ளிக்கூடத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். பாய்ஸ் கம்பெனியில் சோறு உண்டு, பாட்டு உண்டு, அடியும் உண்டு, எழுத்து இல்லை! அவர்கள் மேதைகள், எப்படியோ மேலே வந்துவிட்டார்கள். வராமல் போன நூற்றுக்கணக்கான பையன்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

பாட்டையும் நாடகத்தையும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தால் பிள்ளை எதையும் இழக்க வேண்டாம். 2022 முதல் சர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறையும் கரகமும் ஒயிலும் சிலம்பமும் அங்கே மேடையேறுகின்றன. நம் சேரியிலும் நம் களத்து மேட்டிலும் இருந்த கலைகள் இவை. இவற்றுக்கு மார்க் உண்டா என்று கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசத் தெரிந்த பிள்ளை நாளைக்கு மேஸ்திரி முன்னாலும் நிமிர்ந்து நிற்கும்!

ஏழாவது மதில்: பதினான்கு வயது

இனி இன்னும் நிற்கிற மதிலுக்கு வருகிறேன். இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

2009இல் பாராளுமன்றம் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று. அது யாருக்கு? ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை. அதாவது எட்டாம் வகுப்பு வரை. எட்டாம் வகுப்பு முடிந்து உயர்நிலைப் படிப்பின் நடுவாசலில் பிள்ளை வந்து நிற்கும்போது சட்டம் கைகழுவிவிடுகிறது.

அடுத்து குழந்தைத் தொழில் சட்டம். 2016இல் அதைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். பதினான்கு முதல் பதினெட்டு வரை அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் தடை. மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்! எந்த வயதில் படிப்பு உரிமை முடிகிறதோ, அதே வயதில் வேலைக்கு அழைக்கும் கதவு திறக்கிறது. பள்ளிக்கூடத்தின் பின்வாசலும் பட்டறையின் முன்வாசலும் ஒன்றாகிவிட்டன. இது தற்செயலா?

குடும்பத் தொழில் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளியில் பாதி நாள் படிப்பு. மீதி நாள் பெற்றோர் செய்யும் தொழில். நெசவாளி மகன் தறிக்கு, குயவன் மகன் சக்கரத்துக்கு, பண்ணையாள் மகன் பண்ணைக்கு! குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நாடே எதிர்த்தது. 1954இல் அது வாபசாயிற்று. முன்வாசலில் துரத்திய பூனை கொல்லைப்புறமாக வந்திருக்கிறது.

இந்த மாவட்டத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறைகளில் சிறுவர்கள் குனிந்து உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட காலம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். மேற்கே நூற்பாலைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைச் "சுமங்கலித் திட்டம்" என்று சொல்லி அழைத்துப் போனார்கள். மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். ஆலைத் தோழர்களுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். அந்தப் பெண்கள் எந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்கள்? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும்!

பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தகப்பனைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சம்பா பொய்த்து, கடன் ஏறி, முன்பணம் வாங்கிவிட்ட வீட்டில் பதினைந்து வயதுப் பையனின் கூலி அடுப்பை எரிய வைக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் சிறுவனின் மலிவான கூலி என்ன செய்கிறது? தகப்பனின் கூலியைக் கீழே இழுக்கிறது. "நீ இவ்வளவு கேட்கிறாயே, உன் மகன் பாதிக்கு வருகிறானே" என்று முதலாளி சொல்லிவிடுவான். ஆகவே பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பது கூலிப் போராட்டத்தின் ஒரு பகுதி. அப்பனுக்கு நியாயமான கூலி கிடைத்தால்தான் மகன் பள்ளியில் இருப்பான். மகன் பள்ளியில் இருந்தால்தான் அப்பனுக்கு நியாயமான கூலி நிற்கும்.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்காரிடம் கேட்க வேண்டியவை இவை. கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, பதினெட்டு வயது வரை நீட்ட வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு ஆசிரியர், பாட்டு, ஓவிய ஆசிரியர், லைப்ரரி, ஆய்வுக்கூடம், மைதானம் வேண்டும். பணம் எங்கே என்பார்கள். தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966லேயே சொல்லிவிட்டது. பணக்காரன் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வட்டாரத்துப் பொதுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று சொன்னதும் அந்தக் கமிஷன்தான். சொன்னது நாம் அல்ல, சர்க்கார் நியமித்த கமிஷன்!

நாமே செய்ய வேண்டியதும் உண்டு. சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடெங்கும் அந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்று கூச்சப்பட வேண்டாம். கக்கூசில் தண்ணீர் வருகிறதா, சத்துணவில் பருப்பு இருக்கிறதா, கணக்கு வாத்தியார் இடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேட்க எழுத்து வேண்டியதில்லை, வாய் போதும்.

சங்கம் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். நம் தெருவில், நம் காலனியில் எட்டாவது முடித்த பிள்ளைகள் யார் யார், ஒன்பதாவதில் சேர்ந்தவர் யார், நின்றுபோனவர் யார் என்று ஜூன் மாதத்தில் எழுதி வைக்க வேண்டும். நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு தோழர்கள் போக வேண்டும். முன்பணம் தடையாக இருந்தால் அதைத் தீர்க்க வழி பார்க்க வேண்டும்.

சங்க ஆபீஸ் சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கலாமா? பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு அங்கே பாடம் சொல்லட்டும். கியூபா நாட்டில் 1961இல் சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் கையில் விளக்கும் புத்தகமும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். ஒரே ஆண்டில் ஏழு லட்சம் பேருக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்கள் வாத்தியார் பரீட்சை பாஸ் செய்தவர்களல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற சிறுவர் சிறுமியர்தான்.

தோழர்களே! 1946 செப்டம்பர் 5இல் பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து தோழர்கள் மடிந்தார்கள். மனிதனாக வாழ வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மனிதனாக வாழ்வதில் தன் பிள்ளை படிப்பதும், ஓடுவதும், பாடுவதும் சேர்ந்ததுதானே!

ஆறு மதில்களை இடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏழாவதற்கு இன்னொரு நூற்றாண்டு காத்திருக்க நமக்கு நேரமில்லை. இந்த ஜூன் மாதத்தில் உங்கள் தெருவில் எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும்! நோட்டுப் புத்தகத்தை நாளைக்கே வாங்குங்கள்.